உலையில் நாயின் பங்கு

ஜவ்வாது மலையில் நாய் வளர்க்கும் வீட்டாருக்கு,

ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, காவலூர், இன்னும் பேருந்து போகாத சிற்றூர்கள் என்று மலை முழுக்க வாசலில் ஒரு நாயாவது படுத்திருக்கிற எல்லா வீடுகளுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். சாயங்காலம் உலை வைக்கும்போது வீட்டில் இத்தனை பேர் என்று எண்ணித்தானே சாமையை அளந்து போடுகிறீர்கள்? அந்த எண்ணிக்கையில் நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை அதற்குப் போடுவதை விட்டுவிட்டு, அடுப்பில் ஏற்றும்போதே அதன் பங்கை ஒதுக்குங்கள்.

நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவது என்று மலையில் பலர் கேட்கிறார்கள். கேட்கும்போதே, 'இருக்கிறதைப் போடுறோம், அது தின்னுது' என்று பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். இருக்கிறதைப் போடுவதில் உள்ள சிக்கல், அது தினம் தினம் மாறுவதுதான். பிள்ளைகள் பசியோடு வந்த நாளில் மிச்சமே இருக்காது. விருந்தாளி வந்து கறி எடுத்த நாளில் எலும்பும் குழம்புமாகத் தட்டு நிறையும். அடுத்த நாள் வெறும் கூழ். இப்படி ஒரு மாதம் முழுக்க நாய் என்ன தின்றது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆடு எத்தனை குட்டி போட்டது, எந்த மாடு எத்தனை படி கறக்கிறது என்றால் எல்லாருக்கும் தெரியும். நாயின் கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

அது செய்கிற வேலையோ கொஞ்சமில்லை. ஆட்டுப்பட்டியைக் காப்பது அது. சாமை கதிர் முற்றுகிற நாட்களில் காட்டுப்பன்றி இறங்கினால் பரணில் இருப்பவரை முதலில் எழுப்புவதும் அதுதான். மாடு மேய்க்கப் போகிற பிள்ளைக்கு முன்னே ஓடிப்போய்ப் புதரை மோந்து பார்ப்பதும் அதன் வேலை. இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. மலையிறங்கிச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். கால்நடை காக்கிற நாயை வீட்டாரில் ஒருவராக எண்ணிய மண் இது. அதற்கு ஒரு நாள் உணவு எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுவது அந்த மரபின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

கணக்கு எடையிலிருந்து தொடங்குகிறது. நாயை எடை போடத் தனித் தராசு எதுவும் வேண்டாம். ஆள் ஏறி நிற்கிற எடை இயந்திரம் எங்காவது இருந்தால், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். புளி எடை போடுகிற தூக்குத் தராசில் பழைய சேலையைத் தூளி போலக் கட்டி நாயை அதில் உட்கார வைத்தாலும் ஆகும். நம் நாட்டு நாய் வளர்ந்ததென்றால் பெரும்பாலும் 12 முதல் 20 கிலோவுக்குள் நிற்கும். இனிமேல் சொல்வதற்கெல்லாம் 16 கிலோ நாயையே எடுத்துக்கொள்கிறேன். கணக்கு அதற்குச் சுலபமாக வரும்.

எடை இரண்டு மடங்கானால் சோறும் இரண்டு மடங்கு என்று தோன்றும். அப்படி இல்லை. ஜெர்மனியில் மாக்ஸ் ருப்னர் என்பவர் 1883-இல் சிறிதும் பெரிதுமான நாய்களை வைத்து, சும்மா இருக்கும்போது அவற்றின் உடம்பு எவ்வளவு வெப்பத்தைச் செலவிடுகிறது என்று அளந்தார். ஒரு கிலோ உடம்புக்குச் சின்ன நாய் செலவிடுவது அதிகம், பெரிய நாய் செலவிடுவது குறைவு என்று தெரிந்தது. 1932-இல் மாக்ஸ் கிளைபர் எலி முதல் மாடு வரையிலான விலங்குகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து அதை ஒரு சூத்திரமாக்கினார். இன்றைக்கும் கால்நடை மருத்துவர்கள் அதைத்தான் கையாள்கிறார்கள். உங்கள் கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். நாயின் எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள். வருகிற விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். பிறகு 70-ஆல் பெருக்குங்கள். 16-ஐ 16-ஆல் பெருக்கி, மறுபடியும் 16-ஆல் பெருக்கினால் 4,096. முதல் வர்க்கமூலம் 64, இரண்டாவது 8. எட்டை 70-ஆல் பெருக்க 560. அசையாமல் படுத்துக் கிடக்கிற 16 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்தி இந்த 560 கிலோகலோரி.

படுத்தே கிடக்கிற நாய் உங்கள் வீட்டில் இருக்காது என்பதால் இதை இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும். கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கிற வளர்ந்த நாய்க்கு 1.6. கருத்தடை செய்யாததற்கு 1.8. இராக்காவல் காத்து, பகலில் ஆட்டோடு மலையேறி இறங்குகிற நாய்க்கு 2, சில நாட்களில் அதற்கும் மேலே. வயதாகி வெயில் காய்கிற நாய்க்கு 1.4 போதும். நம் 16 கிலோ நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால் 560-ஐ 1.8-ஆல் பெருக்க, ஆயிரத்துக்குச் சற்று மேலே வருகிறது. வசதிக்கு ஆயிரம் கிலோகலோரி என்று பிடித்துக்கொள்வோம். 10 கிலோ நாய்க்கு இதே கணக்கில் 700, 20 கிலோ நாய்க்கு 1,200. எடை இரட்டித்தும் தேவை இரட்டிக்கவில்லை என்பதை இதிலேயே பார்க்கலாம்.

இந்த ஆயிரத்தைத் தட்டில் என்னவாகப் போடுவது? இங்கேதான் உங்கள் அடுப்பங்கரையை நன்றாகக் கவனிக்க வேண்டும். நாய்க்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிற வீடுகள் உண்டு. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 320 கிலோகலோரி இருக்கிறது. ஒரு லிட்டர் கூழில் 100 கிராம் மாவு கரைந்திருந்தால், ஆயிரம் கிலோகலோரிக்கு அந்த நாய் மூன்று லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். அரை லிட்டர் குடித்ததுமே வயிறு புடைத்துவிடும். வயிறு நிறைந்த நாயைப் பார்க்கிற நமக்கும் மனசு நிறைந்துவிடும். அது பெற்றதோ 160 கிலோகலோரி. அதே மாவைக் களியாகக் கிண்டினால் தண்ணீர் குறைவு, ஒரு சிறிய உருண்டையிலேயே கூழில் இருந்ததைவிட அதிகச் சக்தி. ஆகவே கரண்டிக் கணக்கோ தட்டுக் கணக்கோ உதவாது. வேகவைப்பதற்கு முன் தானியமாகவோ மாவாகவோ இருக்கும்போதே அளக்க வேண்டும். உங்கள் வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்துத் தலைதட்டிச் சாமை அளந்து, கடையில் ஒரே ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். அந்த டம்ளர் பிறகு நாய்க்கென்றே இருக்கட்டும்.

சக்தி மட்டும் வந்தால் போதுமா என்பதுதான் இந்த மடலில் நான் அதிகம் பேச நினைத்தது. ஆயிரம் கிலோகலோரியும் கேழ்வரகிலிருந்தே வருவதானால் சுமார் 310 கிராம் மாவு வேண்டும். அதில் புரதம் 22 கிராம் அளவில்தான் கிடைக்கும். சாமையானாலும் பெரிய வித்தியாசம் இல்லை, சில கிராம் கூடலாம். நாய் உணவுக்கு அமெரிக்காவில் அளவு வகுக்கிற ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்த நாய்க்கு ஆயிரம் கிலோகலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. அப்படியென்றால் வயிறாரக் களி தின்கிற நாய்க்குக்கூடப் புரதம் பாதியளவே சேர்கிறது. முடி மங்கி உதிர்வது, தொடைச் சதை வற்றுவது, சின்னப் புண் ஆற நாளாவது எல்லாவற்றுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். இதைப் பார்க்கிறவர்கள், 'நாய்க்குச் சோறு பத்தலை' என்று இன்னொரு உருண்டை களி சேர்ப்பார்கள். வயிறு பெருக்கும், தொடை அப்படியே இருக்கும்.

இதைச் சொல்வதால் சாமையும் கேழ்வரகும் நாய்க்கு ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டணத்தில் சிலர் நாயை ஓநாயின் தம்பி என்று சொல்லி, தானியமே கூடாது, கறிதான் போட வேண்டும் என்கிறார்கள். 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுப்பொருளைச் செரிக்கிற நொதியை உண்டாக்கும் மரபணுவுக்கு ஓநாயில் இரண்டே படிகள். நாயில் அது பல மடங்கு பெருகியிருந்தது. விதைத்து அறுக்கிற மனிதர்களோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து, அவர்கள் தின்றதைத் தின்றே நாயின் குடல் மாறியிருக்கிறது. வேகவைத்த சாமை அதற்கு நல்ல உணவு. அதோடு துணைக்கு என்ன போகிறது என்பதே கேள்வி.

அந்தத் துணை உங்கள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. 16 கிலோ நாய்க்கு ஒரு நாள் பங்கை இப்படி வகுத்துப் பார்த்தேன்: சாமை 150 கிராம், கொள்ளு 50 கிராம், கோழி முட்டை இரண்டு, எலும்பில்லாத கோழிச் சதையும் ஈரலும் சேர்த்து 100 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாம் வேகாத நிலையில் அளந்த அளவு. சக்தி சுமார் ஆயிரம் கிலோகலோரி வருகிறது, புரதம் 50 கிராமைத் தாண்டுகிறது. ஈரலை மட்டும் தினமும் அதிகம் போடக் கூடாது, மொத்தத்தில் அது சிறு பங்காகவே இருக்கட்டும். கறி எடுக்காத நாளில் முட்டையை மூன்றாக்கி, கொள்ளை 75 கிராம் ஆக்கினால் ஏறக்குறைய அதே அளவு கிடைத்துவிடும். கொள்ளை இராத்திரியே ஊறவைத்து, மறுநாள் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்துக் கடைந்து போடுங்கள். முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே வந்துவிடும். சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கினால் நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி உப்பைப் போக்கி வேகவையுங்கள். விற்கிற முட்டையை நாய்க்கா போடுவது என்று மனம் தயங்குவது எனக்குப் புரிகிறது. தினம் இரண்டு முடியாத வீட்டில் ஒன்றாவது போடுங்கள். அந்த ஒன்றே களியையும் சாமையையும் வேறு சாப்பாடாக்கிவிடும்.

முட்டை ஓட்டை எறிய வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டில் வளர்கிற நாய்க்கு அடிக்கடி குறைகிற சத்து சுண்ணாம்பு. சதையிலும் சாமையிலும் அது மிகக் குறைவு. கேழ்வரகில் நிறைய இருந்தாலும் அதில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, மிக்ஸியிலோ அம்மியிலோ மாவாக அரைத்து வைத்துக்கொண்டால், அரைத் தேக்கரண்டியில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் கிடைக்கும். மேலே சொன்ன 16 கிலோ நாய்க்கு அது ஒரு நாள் அளவுக்குப் பக்கத்தில் வரும்.

பங்கை முதலிலேயே ஒதுக்கச் சொல்வதற்கு அளவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. மிச்சச் சோற்றோடு குழம்பும் போகிறது. வெங்காயமும் பூண்டும், பச்சையோ வெந்ததோ, நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒருநாள் தின்றால் ஒன்றும் தெரியாமல் போகலாம், நாள்தோறும் சேர்வது நல்லதல்ல. உப்பும் காரமும் அதற்குத் தேவையே இல்லை. புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புளியமரங்களின் மலை. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவது நெடுநாளாகத் தெரிந்ததுதான், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் பதிவு செய்தார்கள். புளிக்கும் புளிப்பைத் தருவது அதே அமிலம்தான். நாய் தானாகப் போய்ப் புளி தின்னாது என்பது உண்மை. கறிக்குழம்பில் கரைந்து மணத்தால் அது விழுங்கிவிடும். கொட்டை எடுக்கிற நாட்களில் வாசலில் காய்கிற புளிக்குப் பக்கத்தில் நாய்க்குட்டியை விளையாட விடாதீர்கள். வெந்த எலும்பையும் நிறுத்திவிடுங்கள். வேகாத எலும்பைவிட வெந்தது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

இத்தனை எண்களும் தொடங்குவதற்குத்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குக்கூடத் தேவை நன்றாகவே கூடக் குறைய இருக்கும். கணக்கு சரியா என்று கடைசியில் சொல்லப்போவது நாயின் விலா எலும்பு. உங்கள் கையை விரித்து, புறங்கையில் விரல் தொடங்கும் இடத்தின் எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரியான உடம்பு. முஷ்டியை மடக்கினால் முட்டிகள் துருத்துமே, அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்து எலும்பு கைக்குச் சிக்காவிட்டால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தடவிப் பார்த்து, மெலிவென்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், கொழுப்பென்றால் அவ்வளவே குறையுங்கள். மார்கழிக் குளிரில் திண்ணையில் படுக்கிற நாய் உடம்பைச் சூடாக்கவே கூடுதலாகச் செலவழிக்கும் என்பதால் அந்த மாதங்களில் விலாவை அடிக்கடி தடவுங்கள். உங்களில் யாராவது கன்னியோ சிப்பிப்பாறையோ வளர்த்தால் அவற்றுக்குக் கடைசி ஓரிரு விலா எலும்பு கண்ணுக்குத் தெரிவதே இயல்பு. அதைப் பார்த்துவிட்டுச் சோற்றைக் கூட்டிவிடாதீர்கள்.

தட்டை நக்கிக் காலி செய்வதைப் பசிக்கு அளவாக எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். கொல்கத்தா ஐசர் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவரது மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்கிறார்கள். கறி வாசனை வீசுகிற உணவைத்தான் தெருநாய் முதலில் எடுக்கிறது, அதில் கறி எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை என்று அவர்கள் கண்டார்கள். கறித்தண்ணீர் தெளித்த வெறும் சோற்றை உங்கள் நாய் ஆவலாகத் தின்பதற்கும் காரணம் இந்த வாசனைதான், அதில் சத்து இருப்பதாக அர்த்தமில்லை. லேப்ரடார் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, தின்றது போதும் என்று சொல்லும் மரபணுவிலேயே ஒரு குறை இருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறை உள்ள நாய் எவ்வளவு போட்டாலும் தின்னும், எப்போதும் பசியாகவே இருக்கும். அதே இனத்தில் 48 நாய்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகப் போட்டார்கள். குறைவாகத் தின்றவை நடுவாக 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. குறைவாகத் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது.

மலையில் அதிகம் தின்று கெடுகிற நாய்களை நான் பார்ப்பது ஜமுனாமரத்தூர்ப் பேருந்து நிறுத்தத்திலும் கோமுட்டேரிக் கரையிலும், சுற்றுலாக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடங்களிலும்தான். 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் 450 கிலோகலோரி, அதாவது நம் கணக்கு நாயின் அரைநாள் தேவை, பெரும்பாலும் சர்க்கரையும் மைதாவுமாக. கடை வைத்திருப்பவர்கள் வருகிறவர்களிடம், 'நாய்க்குப் போடணும்னா முட்டை வாங்கிப் போடுங்க' என்று சொன்னால் கடைக்கும் வியாபாரம், நாய்க்கும் நல்லது.

குட்டி போட்ட நாயும் குட்டிகளும் இந்தக் கணக்கில் அடங்கா. நான்கு மாதம் வரை குட்டிக்குச் சூத்திரத்தின் விடையை 3-ஆல் பெருக்க வேண்டும், அதன் பிறகு வளர்ந்து முடியும் வரை 2-ஆல். நான்கு கிலோ குட்டி ஒன்றுக்கு இப்படிப் போட்டால் ஏறக்குறைய 600 கிலோகலோரி வருகிறது. கையில் தூக்குகிற குட்டிக்கு, காவல் நாயின் பங்கில் பாதிக்கு மேல். அதன் வயிறோ சின்னது, அதனால் நாளைக்கு நான்கு வேளை, பிறகு மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பாலைத் தண்ணீர் கலந்து ஊற்றுவது நல்லெண்ணத்தில் செய்கிற பெரிய கேடு. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். பசும்பாலே குட்டிக்கு நீர்த்ததுதான், அதை மேலும் நீர்க்க விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் கேட்டு முட்டைக் கருவோ வேறு சத்தோ சேருங்கள். ஐந்தாறு குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, மூன்றாம் நான்காம் வாரத்தில் வழக்கமான பங்கைப் போல மூன்று மடங்கு வரை தேவைப்படும். அந்த நாட்களில் மட்டும் அளவையே மறந்துவிட்டு, அது கேட்கும்போதெல்லாம் போடுங்கள்.

சரியாகப் போட்டும் நாய் தேறவில்லை என்றால், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவை. வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிகிற குட்டிகளை மலையில் நிறையப் பார்க்கலாம். அவை தின்பதில் ஒரு பங்கை அந்தப் புழுக்கள் தின்றுகொண்டிருக்கும். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே புழு மருந்து தொடங்கலாம், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை எடையை வைத்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எடை தெரிந்துகொண்டு போனால் அவருக்கும் வேலை எளிது. மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, அரசின் கால்நடை ஊர்தி உங்கள் பக்கம் வருமா என்று கேளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

பசித்த நாய் காட்டுக்குள் போகும். முயலையும் மான்குட்டியையும் துரத்தும், பன்றிக்கு வைத்த கண்ணியில் மாட்டும், நரியிடமிருந்து நோய் வாங்கி வந்து ஊர் நாய்களுக்குக் கொடுக்கும். வனத்துறையினரோடு வருகிற பேச்சும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். வீட்டில் பங்கு இருக்கிற நாய் வேளைக்கு வந்து நிற்கும்.

வேலைக்காக மாதக்கணக்கில் கீழே போகிற வீடுகளிடம் ஒன்று கேட்க வேண்டும். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போகும்போது ஆட்டைப் பெரியப்பா வீட்டிலும் கோழியைப் பாட்டியிடமும் ஒப்படைக்கிறீர்கள். நாயை யாரிடமும் ஒப்படைப்பதில்லை, அது ஊரில் தின்றுகொள்ளும் என்று விட்டுப் போகிறீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்தே கிடக்கிற நாய்கள் அந்த மாதங்களில் ஊருக்கு ஊர் உண்டு. ஒரு மாதத்துக்கு ஒரு நாயின் பங்கு நாலரைக் கிலோ சாமை, ஒன்றரைக் கிலோ கொள்ளு. இவ்வளவுதான். போகும்போது ஒரு பையில் அளந்து கட்டி, அளவு டம்ளரையும் அதிலேயே போட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஊரில் இருக்கிற தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். முட்டைக்குத் தனியாகக் காசு கொடுங்கள். அவர்கள் வாங்க மாட்டேன் என்பார்கள், கட்டாயப்படுத்திக் கொடுங்கள். பல மாதம் தங்க வேண்டியிருந்தால் ஊருக்கு வந்துபோகிறவர் கையில் அடுத்த மாதத்துக்கும் அளந்து அனுப்புங்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். எடையைப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிற வேலை எட்டாம் வகுப்புக் கணக்குத்தான், அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் நாயின் பெயர், எடை, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் சாமை, கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஊருக்கு மருத்துவ முகாம் வரும்போது அதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் காட்டி, இது போதுமா, கூட்டவா குறைக்கவா என்று கேளுங்கள்.

அன்புடன்,
மலையடிவாரத்திலிருந்து உங்களில் ஒருவர்